பொன்னுலிங்கம் ஊதிய டேங்க்

வெள்ளைமேட்டுக்கு நல்ல தண்ணீரும் செத்தவன் குரலும் ஒரே வண்டியில் வந்துகொண்டிருந்த காலத்தில், அந்த வண்டியை ஓட்டியவள் அன்னக்கனி. வண்டி ஒரு பழைய பிக்கப். அது முன்பு நீலமாக இருந்ததென்பது கதவைத் திறந்து உட்புறத்தைப் பார்த்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். வெளிப்புறத்தை உப்புக்காற்று தின்று, தின்ற இடத்தில் துரு பூத்து, பூத்த துருவின்மேல் மறுபடியும் உப்பு படிந்து, மழைநாளில் அது புண்ணில் நீர்வடியும் ஒரு கிழட்டு மாட்டைப்போல நின்றிருக்கும். அதைச் செய்த கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். அதன் சாமான் எதையும் எந்தக் கடையிலும் புதிதாக வாங்க முடியாது. உடைந்ததைக் கட்டி, ஓட்டை விழுந்ததை அடைத்து, இல்லாததை இல்லாமலேயே ஓட்டப் பழகிக்கொண்டால்தான் உண்டு.

அந்த வண்டி வராத நாளில் வெள்ளைமேட்டில் உலை ஏறாது. சுற்றிலும் உப்பளம், நடுவில் மண் கொட்டி உயர்த்திய கொஞ்ச இடம், அதில் ஊர். எங்கே தோண்டினாலும் கரிக்கும். அதனால் அன்னக்கனி விடிந்ததும் செம்மண் மேடான தேரிப் பக்கம் போய், அங்கே ஒரு தோட்டத்துக் கிணற்றில் வண்டியின் பின்னாலிருக்கும் கறுப்புத் தொட்டியை நிரப்பி, பாத்திகளுக்கு நடுவிலுள்ள மண்பாதையில் மெல்ல ஓட்டிவந்து, தெருத்தெருவாக நிறுத்திக் குடங்களில் ஊற்றுவாள்.

அவளுக்கு முன்னால் அதைச் செய்தவன் அவள் புருஷன் பொன்னுலிங்கம்.

டேங்கிலிருந்து டீசலை இழுத்து இன்ஜினுக்கு அனுப்ப வண்டியில் ஒரு சின்ன பம்ப் உண்டு. அவர்களுக்குக் கல்யாணமான புதிதிலேயே அது பாதி செத்துவிட்டது. பைப்புக்குள் கொஞ்சம் காற்று புகுந்தால் போதும், டீசல் ஏறாது, வண்டி நின்ற இடத்திலேயே நின்றுவிடும். மாற்றுவதற்கு வேறு பம்ப் கிடைக்காததால் பொன்னுலிங்கம் டேங்கின் வாயில் தன் வாயை வைத்து ஊதுவான். அவன் ஊத ஊத டீசல் பைப்பில் ஏறிவரும். முன்னால் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பில்டரின் தலையிலிருக்கும் போல்ட்டை ஸ்பேனரால் தளர்த்தியபடி அன்னக்கனி நிற்பாள். நுரையும் குமிழியுமாகக் காற்றெல்லாம் வெளியேறி, சுத்தமான டீசல் வழியத் தொடங்கும்போது "வந்துட்டு" என்று கத்துவாள். ஒரு ஊதலுக்கும் அடுத்த ஊதலுக்கும் நடுவே, டேங்கின் வாயிலிருந்து உதட்டை எடுக்காமலே, அவன் அவளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்வான். பிடி. விடு. பொறு. பன்னெண்டாம் நம்பர எடு. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டுக்குள் இருவரும் அதிகம் பேசிக்கொள்வதும் இல்லை. யோசித்துப் பார்த்தால், அவர்கள் குடும்பம் நடத்தியதில் பாதிப் பேச்சு அந்த வண்டியின் இரண்டு முனைகளில் நின்று பேசியதுதான்.

பிறகு அவனுக்கு நெஞ்சு கட்டிக்கொண்டது. நடந்தால் மூச்சு வாங்கியது, பிறகு உட்கார்ந்தாலும் வாங்கியது, பிறகு வாங்குவதற்கு மூச்சு இல்லாமல் கட்டிலில் சாய்ந்தபடியே போய்ச் சேர்ந்தான். ஊரில் யாரும் அதற்கு ஆச்சரியப்படவில்லை.

"இருந்த மூச்சையெல்லாம் அந்த வண்டிக்குல்லா ஊதித் தீத்தான்" என்றார்கள்.

காரியம் முடிந்த மறுநாளே அன்னக்கனி வண்டியை எடுத்தாள். யாராவது எடுத்துத்தானே ஆக வேண்டும். தேரி ஏற்றத்தில் வண்டி இருமிவிட்டு நின்றது. ஊதுவதற்கு ஆள் இல்லை. மெக்கானிக் மிக்கேல், பம்பின் தலையில் ரப்பரும் கம்பியும் வைத்துக் கட்டி ஒரு கைப்பிடி செய்து கொடுத்திருந்தார். அதை ஒரு கையால் அமுக்கி அமுக்கி, மறுகையால் பில்டர் போல்ட்டைத் தளர்த்தினாள். நுரை வந்தது. நுரையில் ஒரு குமிழி பெரிதாகி, வெயிலில் ஏழு நிறமும் காட்டி, உடைந்தது.

"பிடி" என்றது.

சளி கட்டிய, அவசரமில்லாத குரல். அன்னக்கனி திரும்பிப் பார்க்கவில்லை. டேங்கின் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"பிடிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள்.

அடுத்த குமிழி "விடு" என்றது. விட்டாள். டீசல் தெளிந்து வழிந்தது. "வந்துட்டு" என்று தேரியைப் பார்த்துக் கத்திவிட்டு, போல்ட்டை முடுக்கி, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

ஊருக்குள் முதல் தடவை அது நடந்தபோது தெருவில் பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். வண்டி நின்றது, அன்னக்கனி பானட்டைத் திறந்தாள், குமிழி பேசியது.

"யாரு, பொன்னுலிங்கமா பேசுதது?"

"ஆமா, அவியதான்."

"உசுரோட இருக்கையில நாலு தடவ கூப்பிட்டாலும் ஏன்னு கேக்கமாட்டான். இப்ப பாரேன், கேக்காமலே பேசுதான்."

"செத்த பெறவுதான் சில ஆம்பளைக்கு வாய் தொறக்கும். எங்க வீட்டுல உள்ளதுக்கும் ஒரு டேங்கு வாங்கணும் போல."

சிரித்தார்கள். நிறைந்த குடத்தை நகர்த்திவிட்டு அடுத்த குடத்தை வைத்தார்கள். அவ்வளவுதான். பயந்து விலகவோ, சூடம் கொளுத்தவோ யாரும் முனையவில்லை. தண்ணீர் வருகிற வண்டியில் கூடவே ஒரு குரலும் வருகிறது, வந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தார்கள்.

அது அப்படியே இருந்திருக்கும். பேச்சிமுத்துதான் அதைக் கெடுத்தான். உப்பு வாருகிற அவன், மகனைத் துபாய்க்கு அனுப்புவதா வேண்டாமா என்ற குழப்பத்தோடு வண்டிப் பக்கம் நின்றுகொண்டிருந்தபோது ஒரு குமிழி "பொறு" என்று சொல்லிவிட்டது. பொறுத்தான். அடுத்த வாரமே அந்த ஏஜெண்டு மற்றவர்களுடைய பாஸ்போர்ட்டையெல்லாம் தூக்கிக்கொண்டு ஓடிப்போனான். அதன்பிறகு வெள்ளைமேட்டில் பொன்னுலிங்கத்தைக் கேட்காமல் எதுவும் நடக்கவில்லை. சந்தனமாரி என்ற பெண்ணுக்கு மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. அவள் அப்பா கேட்டபோது "விடு" என்று வந்தது, நிச்சயத்தை விட்டார்கள். அந்தப் பெண் அம்பாரமாகக் குவிந்த உப்பின்மேல் உட்கார்ந்து பொழுது சாயும்வரை அழுதுவிட்டு, எழுந்துபோய்ச் சோறு வடித்தாள். ஒருநாள் "பன்னெண்டாம் நம்பர எடு" என்று வந்தது. பன்னிரண்டாம் தேதி ஊருக்கு ஏதோ வரப்போகிறதென்று பேசிக்கொண்டார்கள். அன்றைக்கு யாரும் அளத்தில் இறங்காமல், தலைக்குக் குளித்துவிட்டு, வாசலில் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. வராமல் போனதே நல்லதற்குத்தான் என்று முடிவு செய்துகொண்டார்கள்.

அது பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் என்று அன்னக்கனிக்குத் தெரியும். எல்லாமே அவளுக்குத் தெரியும். பொறு என்றால் எதற்குப் பொறுக்கச் சொன்னான், விடு என்றால் எதை விடச் சொன்னான், எல்லாம் அவளிடம் சொன்னவைதானே. ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை. ஊர் கேட்கும்வரைதான் வண்டி நிற்கும், வண்டி நிற்கும்வரைதான் அவன் பேசுவான் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

காற்று புகுந்தால்தான் குரல் வருகிறது என்பதை ஊர் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகவில்லை. கேட்க ஏதாவது இருந்தால், குடம் நிறைகிற நேரத்தில் வண்டிக்கடியில் குனிந்து, டேங்கிலிருந்து பம்புக்குப் போகிற பைப்பின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திவிடுவார்கள். வண்டி கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும். தளர்த்தியவர்கள் கையைக் கழுவிக்கொண்டு, கேட்க வேண்டியதை மனதுக்குள் சொல்லிப்பார்த்தபடி பின்னாலேயே வந்து நிற்பார்கள். யார் தளர்த்தினார்கள் என்று அன்னக்கனி கேட்கமாட்டாள். தண்ணீர் ஒவ்வொரு நாளும் தாமதமானது. கடைசித் தெருவுக்குப் பல நாள் பொழுது இறங்கித்தான் கிடைத்தது. சில நாள் கிடைக்கவில்லை.

மிக்கேலுக்கு இது பிடிக்கவில்லை. வண்டிக்கடியில் படுத்து டேங்கைத் தட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். அவர் நெற்றியெல்லாம் துரு.

"தங்கச்சி, டேங்கோட அடி தாளா இருக்கு. பைப்புல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஏகப்பட்டது. இனிமே கட்டிக் கட்டி ஓட்ட முடியாது. டேங்கு, பைப்பு, பம்பு, பில்டரு, நாலையும் மாத்தணும். ஒண்ண மட்டும் மாத்துனா மிச்சம் உள்ளது அதையும் கெடுத்துரும்."

"கடையில கெடைக்காதே அண்ணாச்சி."

"கடையில கெடைக்காது. எங்கயாவது இதே வண்டி ஒண்ணு செத்துக் கெடக்கும். காயலான் கடையா ஏறி இறங்கு."

மாதிரிக்கென்று ஒரு பழைய போல்ட்டைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். அதை முந்தானையில் முடிந்துகொண்டு அன்னக்கனி பஸ் ஏறினாள். தூத்துக்குடியில் பார்த்தாள், திருநெல்வேலியில் பார்த்தாள், மதுரைவரைக்கும் போனாள். சைலன்சர்கள் குடல்களைப்போலக் குவிந்துகிடந்த கடைகளிலும், பஸ் சீட்டுகளின் பஞ்சில் புல் முளைத்திருந்த கொட்டகைகளிலும், கழற்றிய முகப்பு விளக்குகள் வரிசையாக உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்த மதிலோரங்களிலும், அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் போல்ட்டைக் காட்டினாள்.

"இதுக்கா சாமான் தேடுதீய? மியூசியத்துல கேட்டுப் பாத்தியளா?" என்றான் ஒருவன்.

"புது வண்டி ஒண்ண வாங்கி அந்தப் போல்ட்டுக்கு மாட்டிவிட்டுரலாம்மா, சுளுவா இருக்கும்" என்றான் இன்னொருவன்.

கோவில்பட்டிக்கு வெளியே மைதீன் பாயின் கடையில் அது இருந்தது. அதே வண்டி. மலையடிவாரத்து ஊரிலிருந்து வந்தது, உப்புக்காற்றே படாதது, இன்னும் நீலமாகவே இருந்தது. மைதீன் பாய் கோழிகளை விரட்டிவிட்டு அதன் டேங்கை விரலால் சுண்டிக் காட்டினார். கோயில் மணிபோலக் கேட்டது.

"டேங்கு, பம்பு, பைப்பு எல்லாம் முழுசா இருக்கு. இந்த ஒரு வண்டிதான் இந்தப் பக்கமே. எடுத்துக்கிடுதியாம்மா?"

அன்னக்கனி மண்டியிட்டு மூடியைத் திறந்து டேங்கின் வாயில் காதை வைத்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. இரைச்சல்கூட இல்லை. தண்ணீர் ஊற்றாத புதுப்பானைக்குள் இருப்பதுபோன்ற, யாருக்கும் சொந்தமில்லாத அமைதி. பிறகு மூடியைப் பூட்டினாள்.

"இது இல்ல பாய். எங்க வண்டி வேற."

ஊருக்குத் திரும்பி, கிடைக்கவில்லை என்று மிக்கேலிடம் சொன்னாள்.

அந்தச் சமயத்தில் வடிவுவின் மகள் உலகம்மாள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். வடிவு, பொன்னுலிங்கத்துக்கு ஒன்றுவிட்ட அக்கா, அன்னக்கனிக்கு மைனி. வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். உலகம்மாளுக்குக் கால் வீங்கியிருந்தது, கண்ணில் பூச்சி பறக்கிறதென்று சொன்னாள். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் முன்னாலேயே படுக்கவைத்துவிடலாமா, இல்லை வலி வந்ததும் போய்க்கொள்ளலாமா என்று வடிவுவுக்குக் குழப்பம். குழப்பம் வந்தால் செய்வதற்கு அந்த ஊரில் ஒன்றுதான் இருந்தது.

வண்டி வடிவு வீட்டைத் தாண்டி நின்றது. வடிவு கையெல்லாம் டீசலோடு ஓடிவந்தாள்.

"தம்பி, ஒம் மருமவ வீட்டுலயே இருக்கட்டுமா? ஒண்ணும் பயமில்லையே? அக்கா கேக்கேன், சொல்லு."

அன்னக்கனி அமுக்கினாள். நுரை வந்தது, குமிழி வந்தது.

"சரி" என்றது.

"கேட்டியாட்டி அன்னம்? சரின்னுட்டான்!" வடிவு அவள் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். அன்னக்கனியின் கன்னத்தில் டீசல் ஒட்டியது. வடிவு குனிந்து, தான் தளர்த்திய போல்ட்டை விரலாலேயே திருகினாள். "நானே முடுக்கிட்டேன், நீ போ. புள்ளைக்குக் கஞ்சி வைக்கணும்" என்று உள்ளே போய்விட்டாள்.

சரி என்பதற்குப் பிறகு பொன்னுலிங்கம் வழக்கமாக என்ன சொல்வான் என்பது அன்னக்கனிக்குத் தெரியும். பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் சீட்டுக்கடியில்தான் கிடந்தது. எடுத்துக் குனிந்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் அவள் அடுத்த குமிழிக்காகப் பில்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது வரவில்லை, டீசல் தெளிந்துவிட்டது. அடுத்த தெருவில் குடங்கள் காத்திருந்தன. பானட்டை மூடினாள்.

மறுநாள் காலையில் உலகம்மாளுக்கு வலிப்பு வந்தது. ஆம்புலன்ஸ் மெயின் ரோடு வரைக்கும்தான் வரும், அளத்துப் பாதைக்குள் இறங்கினால் சக்கரம் புதைந்துவிடும். அதனால் கறுப்புத் தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டு, அன்றைக்கு ஊர் குடிக்க வேண்டிய தண்ணீரையெல்லாம் உப்புமண் குடிக்கும்படி ஓடவிட்டு, காலித் தொட்டியை இறக்கிப்போட்டு, அந்த இடத்தில் பாயை விரித்து அவளைப் படுக்கவைத்தார்கள். வடிவு மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அன்னக்கனி ஓட்டினாள். இரண்டு பக்கமும் பாத்திகளில் உப்பு, கண்ணைத் திறக்கமுடியாத வெயில், தூரத்தில் மெயின் ரோட்டில் போகிற லாரிகள் பொம்மைபோலத் தெரிந்தன. பாதி வழியில் வண்டி இருமியது. அன்னக்கனி மிதித்துப் பார்த்தாள். நின்றுவிட்டது.

பானட்டைத் திறந்தாள். அமுக்கினாள். நுரை வந்தது. "பொறு" என்றது குமிழி.

"தம்பி என்ன சொல்லுதான்?" பின்னாலிருந்து வடிவு கத்தினாள். "ஏட்டி, என்ன சொல்லுதான்?"

"பொறுக்கச் சொல்லுதாவ, மைனி!"

"அத்தை, எம்புட்டு நேரம்?" என்று உலகம்மாள் கேட்டாள். அதன்பிறகு அவள் கேட்கவில்லை.

அமுக்கினாள். பொறு என்றது. மறுபடியும் அமுக்கினாள், மறுபடியும் பொறு என்றது. நுரை நிற்கவே இல்லை, ஏதோ ஒரு இடத்தில் காற்று புகுந்துகொண்டே இருந்தது. அது எந்த இடம் என்று நினைவு வந்து, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவள் வண்டிக்கடியில் பாய்ந்தபோது, பலகை இடுக்கு வழியாகச் சூடாக ஏதோ அவள் கழுத்தில் சொட்டியது. பிள்ளை அழுதது. தாய் அழவில்லை. வண்டி கிளம்பி மெயின் ரோட்டைத் தொட்டபோது ஆம்புலன்ஸ்காரர் உலகம்மாளின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பிள்ளையை மட்டும் துணியில் வாங்கிக்கொண்டார். வந்த வழியில், வண்டி நின்ற இடத்தில், ஒரு பாத்தி உப்பு இளஞ்சிவப்பாகியிருந்தது. அந்த உப்பை வாராமல் மழைக்கு விட்டுவிட்டார்கள்.

ஊர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. "பொறுன்னு அவனும் சொல்லத்தான் செஞ்சான், உசுரு பொறுக்கல" என்றார்கள். வடிவு மட்டும் வேறொன்று சொன்னாள். மகளுக்கு மூச்சு போன நேரத்தில் பைப் திறந்து கிடந்தது, காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. ஆகவே அந்த மூச்சு வேறெங்கும் போயிருக்காது.

"எம் புள்ளையும் அதுக்குள்ளதாம்ட்டி இருக்கா. ஒரு நாளைக்கு அம்மான்னு கூப்பிடுவா."

கைப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தினமும் வண்டியருகில் வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு தடவை பானட் திறக்கும்போதும் எழுந்து வந்து நின்றாள். பிடி, விடு, தள்ளு என்று பொன்னுலிங்கம்தான் பேசினான். வடிவு பிள்ளையின் முதுகைத் தட்டியபடி, "அடுத்தது அவதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப்போய் உட்காருவாள்.

ஒருநாள் காலை அன்னக்கனி பஸ் ஏறி மைதீன் பாயின் கடைக்குப் போனாள்.

"அன்னைக்கு வேற வண்டின்னியேம்மா?" என்றார் அவர்.

"வேற வண்டிதான் பாய். அதான் வேணும்."

டேங்கும் பைப்பும் பம்பும் பில்டரும் ஒரு குட்டியானை வேனில் வெள்ளைமேட்டுக்கு வந்து இறங்கின. நடுத்தெருவில், நல்ல வெயிலில், மிக்கேல் பழைய டேங்கைக் கழற்றித் தரையில் வைத்தார். ஊரே கூடிவிட்டது. புது டேங்கைப் பற்றி யாருக்கும் மறுப்பில்லை, தண்ணீர் நேரத்துக்கு வந்தால் நல்லதுதான். பழையதை என்ன செய்வதென்றுதான் பேச்சு. அம்மன் கோயில் பக்கத்தில் தகரம் போட்டு வைக்கலாம் என்றான் பேச்சிமுத்து. அளந்து அளந்து, அவசரத்துக்கு மட்டும் கேட்டால் தலைமுறைக்கும் காணும் என்றார்கள். வடிவு தரையில் உட்கார்ந்து, ஒரு கையில் பிள்ளை, மறுகையால் டேங்கை அணைத்துக்கொண்டாள்.

அன்னக்கனி அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"மைனி, உள்ள என்ன இருக்குன்னு கேட்டுருவோம். மிச்சம் வைக்காம எல்லாத்தையும் கேட்டுருவோம்."

"எம் புள்ள பேசுவாளாட்டி?"

"இருந்தா பேசுவா."

வடிவு கையை எடுத்தாள். அன்னக்கனி டேங்கின் அடியில் ஒரு சட்டியை வைத்து, பன்னிரண்டாம் நம்பரைப் போட்டு அடிப்போல்ட்டைக் கழற்றினாள்.

டீசல் கறுப்பாக வந்தது. அதன்பின் நுரை வந்தது, நுரைக்குப் பின் குமிழிகள், ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு, ஒரு மனிதன் ஒரு டேங்குக்குள் ஊதிய அத்தனை வருஷமும் வந்தது. பிடி, இந்தா, நல்லாப் பிடி. பொறுட்டி, கால்ல எறும்பு கடிக்கி, கொஞ்சம் பொறு. பன்னெண்டாம் நம்பர எடு, அது பதினாலு, கண்ணு தெரியலையா ஒனக்கு. விடு, விடு, சேல மாட்டிக்கிட்டு பாரு, விட்டுட்டுத் தள்ளி நில்லு. பசிக்கா, பழைய சோறு இருக்கா, வெங்காயம் உண்டா. காத்து போயிட்டா, இன்னும் வருதா, ஊதி ஊதி எனக்குத் தல சுத்துது. இப்படிப் பொன்னுலிங்கம் பேசிக்கொண்டே இருந்தான். எறும்பு என்றபோது பேச்சிமுத்து மண்ணைப் பார்த்தான். சேலை மாட்டிக்கொண்டது என்றபோது சந்தனமாரியின் அப்பா மகள் நிற்கும் பக்கம் திரும்பாமல் துண்டை உதறித் தோளில் போட்டார். சந்தனமாரி காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். ஒவ்வொருவராகத் தங்கள் சொல்லின் மீதியைக் கேட்டுவிட்டு விலகினார்கள். தெருவில் கூட்டம் குறைந்து, கடைசியில் வடிவுவும் மிக்கேலும் அன்னக்கனியும்தான் இருந்தார்கள்.

சட்டி நிறைந்தது. ஒழுகுவது சொட்டாகியது. வடிவு பிள்ளையை இறுக்கிக்கொண்டு, வாயைப் பாதி திறந்து, குனிந்திருந்தாள். கடைசியாக ஒரு குமிழி மெல்ல வந்து, விளிம்பில் தயங்கி நின்று, உடைந்தது.

"சரி. நல்லா முடுக்குட்டி" என்றது.

அதற்குமேல் டேங்குக்குள் எதுவும் இல்லை. உலகம்மாள் பேசவில்லை.

வடிவு சட்டியிலிருந்து முகத்தை நிமிர்த்தினாள்.

"இத நீ முந்தியே கேட்டுருக்கியா?"

"ஒவ்வொரு தடவையும் அதத்தான் சொல்லுவாவ, மைனி. சரின்னா, அடுத்து அது."

"அன்னைக்கு?"

"அன்னைக்கும் தெரியும்."

அடிப்பாள் என்று நினைத்தோ என்னவோ மிக்கேல் ஒரு எட்டு முன்னால் வந்தார். வடிவு அடிக்கவில்லை. எழுந்து நின்று, பிள்ளையை அன்னக்கனியின் கையில் கொடுத்தாள். கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்தாள்.

"எந்தப் பக்கம் திருகணும், அண்ணாச்சி?"

மிக்கேல் காட்டினார். புது டேங்கும் புது பைப்பும் ஏறிய பிறகு, வடிவு மண்ணில் மல்லாந்து படுத்து வண்டிக்கடியில் போய், ஒவ்வொரு போல்ட்டாக, முழங்கை நரம்பு புடைக்க, பல்லைக் கடித்து முடுக்கினாள். அன்னக்கனி பிள்ளையோடு பில்டர் பக்கத்தில் நின்றாள். மிக்கேல் பம்பை அமுக்கியதும் குமிழிகள் வந்து, சத்தமில்லாமல், வெறும் காற்றாக உடைந்தன. டீசல் தெளிந்தது. அவள் கத்தவில்லை. கேட்க யாருமில்லை.

அதன்பிறகு வண்டி எங்கேயும் நிற்கவில்லை. கடைசித் தெருவுக்கும் காலையிலேயே தண்ணீர் கிடைக்கிறது. பழைய டேங்கைப் பற்றி மறுபடி யாரும் பேசவில்லை. அது தெருமுனையில் கிடந்து மழையில் கரைந்துகொண்டிருக்கிறது. தினமும் விடிகிற நேரத்தில், அன்னக்கனி வண்டியை எடுப்பதற்கு முன்னால், வடிவு இடுப்பில் பேரப்பிள்ளையோடு வருவாள். பிள்ளையை அன்னக்கனியிடம் கொடுப்பாள். அடியில் படுத்து ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்குவாள். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். இருவருக்கும் அதைத் தவிர வேறு பேச்சில்லை, அதிலும் பேச்சில்லை.

"தங்கச்சி, இப்படித் தினமும் முடுக்குனா மரை தேஞ்சு போயிரும். அப்புறம் போல்ட்டு பிடிக்காது. அவகிட்ட நீயாவது சொல்லு" என்றார் மிக்கேல்.

அன்னக்கனி சொல்லவில்லை. மரை தேயத்தான் செய்தது. போல்ட் வழுகத் தொடங்கும்போதெல்லாம் அதைத் துணியில் சுற்றி முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறுவாள். அந்த நீல வண்டியில் இப்போது கதவுகளும் கண்ணாடியும் போய்விட்டன, எலும்புக்கூடுதான் மிச்சம்; அதிலிருந்து மைதீன் பாய் அளவு பார்த்து இன்னொரு போல்ட்டைக் கழற்றித் தருவார்.

"மத்த வண்டிக்கெல்லாம் ஒரு போல்ட்டு ஆயுசுக்கும் கெடக்கும்மா. ஒங்க வண்டிக்கு மட்டும் எப்படி இப்படி மரை போவுது?" என்று போன தடவை கேட்டார்.

அன்னக்கனி போல்ட்டை முந்தானையில் முடிந்து, முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"நல்லா முடுக்குதோம், பாய்" என்றாள்.